கப்பல் துரையின் பன்றி சாப்ஸ்

மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன எங்கள் தைப்பிங் ஊரில் மழை பெய்யாத நாளைக்கூட என்றைக்காவது பார்த்துவிடலாம். என் கணவரின் அண்ணன் தன் பெருமையைப் பேசாத நாளைப் பார்க்க முடியாது. பெயர் ஃபூ ஹீ குவாங். நேரில் ‘அத்தான்’ என்று கூப்பிடுவேன். பின்கட்டில் தட்டு கழுவும்போது ‘கப்பல் துரை’ என்பேன். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

பத்தொன்பது வயதில் வீட்டில் சொல்லாமல் பினாங்குக்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலேறிய ஆள். இருபத்துமூன்று வருஷம் கழித்து, 1982-இல், பெற்ற அப்பாவை நாங்கள் புதைத்து நாற்பது நாள் ஆன பிறகு, கடை வாசலில் வந்து நின்றார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், கையில் ஒரு தகரப் பெட்டி. அந்தக் கோலத்தில்தான் மார்க்கெட் வழியாக நடந்து வந்திருக்கிறார். பேண்டு வாத்தியக்காரன் எவனோ கல்யாண வீட்டுக்கு வழி தெரியாமல் சுற்றுகிறான் என்று மீன்கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம்.

“அம்மா, நான் வந்துட்டேன். இனிமே நீங்க கவலையே படக் கூடாது. கடையை நான் பாத்துக்கறேன்” என்றார்.

என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகனின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துப் பார்த்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அதுவரைக்கும் கடையை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா அந்த மனுஷனுக்கு?

பார்த்துக்கொண்டிருந்தது நான். என் பெயர் சோங் நியூக் ஃபா. பக்கத்து ஊர் கமுந்திங் ஈயச் சுரங்கத்துக்காரரின் மகள், சீனரில் ஹக்கா பிரிவுப் பெண். ஃபூ வீட்டார் ஹைனான்காரர்கள், வேறு பேச்சு, வேறு பழக்கம். ஹக்காக்காரி மருமகளாக வந்ததே அவர்கள் சனத்துக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் ஹீ செங் இளைய மகன். அவர் இருந்தவரை ஒருவரையும் என்னை ஒரு சொல் சொல்ல விடமாட்டார். குவாலா கங்சார் சாலையில் லாரி மோதி அவர் போனபோது எங்கள் மகள் பெய் லின்னுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது அடுப்படி ஒன்றுதான்.

மாமனார் ஃபூ தியாங் ஜுவான் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமைத்தவர். அந்தத் துரை சீமைக்குக் கப்பலேறியதும், மார்க்கெட்டுக்கு எதிரே இந்தக் காப்பிக்கடையைப் போட்டு, துரைக்குச் சமைத்த பன்றி சாப்ஸை ஊருக்குச் சமைத்துப் போட்டார். இளைய மகன் செத்த பிறகு அவருக்குக் கை ஓடவில்லை. கறியைத் தட்டுவது என் வேலையானது, பிறகு பொரிப்பது, கடைசியில் சாஸும். சொல்லிக் கொடுத்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். திட்டினார். “இதை நாய்கூட மோந்து பாக்காது” என்று திட்டுவதை அவர் நிறுத்திய நாளில் நான் சமைத்தது சரியாக இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

சாப்ஸ் ஒன்றும் மந்திரம் இல்லை. எலும்போடு வெட்டிய துண்டைக் கத்தியின் முதுகால் தட்டி, சோயா சாஸும் வெள்ளை மிளகும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டு ஊறவைத்து, முட்டையில் முக்கி, நொறுக்கின கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரிக்க வேண்டும். பிஸ்கட் ஜவ்வரிசி அளவுக்கு நொறுங்கியிருக்க வேண்டும். ரொட்டித்தூளில் புரட்டுகிறவனை ஹைனான்காரர்கள் தங்கள் ஆள் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொரித்த சட்டியைக் கழுவக் கூடாது. கொழுப்பை வடித்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கிற கருகலோடு வெங்காயத்தைப் போட்டுச் சிவக்க வதக்கி, தக்காளி சாஸ், சோயா சாஸ், வெள்ளைக்காரர்கள் பாட்டிலில் விற்கிற அந்தப் புளிப்புக் கறுப்பு சாஸ், சர்க்கரை, அப்புறம் பால் சேர்க்காத காப்பி அரைக் கோப்பை. காப்பி சேர்ப்பது மாமனாரின் சொந்தச் சங்கதி. கொதித்து வரும்போது பட்டாணி. நாக்கில் பட்டதும் இனிக்க வேண்டும், விழுங்கிய பிறகு உப்பும் புளிப்பும் தொண்டையில் நிற்க வேண்டும். இனிப்பு ஜெயித்தாலும் கெட்டது, உப்பு ஜெயித்தாலும் கெட்டது.

இதில் ஒன்றாவது தெரியுமா கப்பல் துரைக்கு? வந்த மறுநாளே அடுப்படிக்குள் நுழைந்து, என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“நியூக் ஃபா, நீ ரொம்பக் கஷ்டப்பட்டுட்டே. இனிமே தட்டு கழுவறதை மட்டும் பாத்துக்கோ. மூணு கேப்டனுக்குச் சமைச்ச கை இது.”

கஷ்டத்தைக் குறைக்கிறாராம்! ஒரு நாளைக்கு நூறு தட்டு கழுவுகிறவளுக்குக் கஷ்டம் குறைந்துவிட்டதாம். மாமியாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்த மகன் வந்துவிட்டான், அவனிடம் என்ன சொல்வது?

முதல் வாரமே கூத்து தொடங்கியது. மீன்கடை ஆ தியாம் பதினைந்து வருஷமாகத் தினமும் பதினொரு மணிக்கு வந்து சாப்ஸும் சோறும் தின்றுவிட்டுப் போகிற ஆள். ரப்பர் பூட்ஸோடு வந்து உட்கார்ந்தவர் முன்னால் கப்பல் துரை கோட்டும் பொத்தானுமாகப் போய்க் குனிந்து நின்றார்.

“சாருக்கு எப்படி வேணும்? பாதி வெந்ததா, முக்கால் வெந்ததா, முழுசா வெந்ததா?”

ஆ தியாம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து.

“உங்களைத்தான் சார்.”

“பன்னிக் கறியை எவன்யா பாதி வேகவெச்சுத் திம்பான்? பூச்சி வந்து சாகறதுக்கா?”

“கப்பல்ல பெரிய மனுஷங்க எல்லாரையும் இப்படித்தான் கேப்போம்.”

“நான் என்ன இப்பக் கப்பல்லயா உக்காந்திருக்கேன்? தலை சுத்துதுய்யா உன்னோட. முழுசா வேகவெச்சுக் கொண்டா, போ.”

கடை மொத்தமும் சிரித்தது. கப்பல் துரைக்கு அது உறைக்கவே இல்லை. தன்னைப் பாராட்டிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பொத்தானைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். தடித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

சாஸ் செய்யும்போது அடுப்படிக்கு ஒரு திரை போட்டுவிடுவார். யாரும் பார்த்துவிடக் கூடாதாம், கப்பல் ரகசியமாம். குப்பைக் கூடையைக் கொட்டுகிறவளிடம் என்ன ரகசியம் இருக்க முடியும்? தினமும் மூன்று டப்பா அன்னாசிப்பழம் வெளியே வந்தது. பழத்தைத் தட்டின் ஓரத்தில் பூ மாதிரி அடுக்கிவிட்டு, டப்பாவில் இருக்கிற சர்க்கரைப் பாகை அப்படியே சாஸில் ஊற்றுகிறார் மகானுபாவர். பொரித்த சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வேறு வைத்துவிடுவார், ‘சுத்தம்’ என்று. காப்பியைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்ல நான் என்ன பைத்தியமா?

“அண்ணே, இதுமேல கொஞ்சம் ஐஸைச் சீவிப் போட்டீங்கன்னா ஐஸ் கச்சாங் இனிப்புன்னு விக்கலாம்” என்றார் ஆ தியாம் ஒருநாள். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து எதிர்வரிசைக் கடையில் மீ நூடுல்ஸ் சாப்பிட ஆரம்பித்தார். அவர் போனதும் காய்கறிக்காரர்கள் போனார்கள், பிறகு தபால் ஆபீஸ்காரர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கடையில் ஈ ஓட்ட ஆள் தேவைப்பட்டது.

வியாபாரம் படுத்ததற்குக் கப்பல் துரை சொன்ன காரணத்தைக் கேளுங்கள். ஊர் சனத்துக்கு நாக்கு செத்துவிட்டதாம். இத்தனை வருஷம் என் கையால் தின்று தின்று செத்துவிட்டதாம்!

அதைக் கேட்ட அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையைப் பிடித்து இழுத்தேன். கம்பியோடு கீழே வந்துவிட்டது. கையில் அன்னாசி டப்பாவோடு அவர் நின்றார்.

“அத்தான், இது சாப்ஸுக்கு ஊத்தற சாஸா, குழந்தைக்குக் குடுக்கற இருமல் மருந்தா?”

“வாயை அடக்கிப் பேசு. ஹக்காக்காரிக்கு டோஃபுவுக்குள்ள கறியை அடைக்கத்தான் தெரியும். சாப்ஸ் எங்க ரத்தத்துல ஓடுது.”

“உங்க ரத்தத்துல அன்னாசி ஜூஸுதான் ஓடுது. மாமா சட்டியில கையை வெச்சிருக்கீங்களே, அவரு சமைச்சதை ஒருநாளாவது நின்னு பாத்திருக்கீங்களா? அவரு சாகக் கிடந்தப்ப எங்க இருந்தீங்க?”

“கடல்ல இருந்தேன்டி! கடல்ல இருக்கறவனுக்குத் தந்தி வந்து சேர எத்தனை நாளாகும்னு உனக்குத் தெரியுமா?”

“டி போட்டுப் பேசாதீங்க.”

“போதும்!” என்றார் மாமியார். காப்பி மேசையைத் தட்டிய தட்டில் சர்க்கரைக் கிண்ணம் உருண்டது. அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. “ஒரு அடுப்புல ரெண்டு பேரு நிக்க முடியாது. செத்தவங்களுக்குப் படைக்கற சிங்மிங்குக்குப் பத்து நாள் இருக்கு. ஆளுக்கு ஒரு தட்டு சமைச்சு அவரு கல்லறைக்குக் கொண்டாங்க. எந்தத் தட்டை அவரு சாப்பிடறாரோ, அடுப்படி அவங்களுக்கு. ரெண்டையும் வேணாம்னுட்டாருன்னா மூத்தவனுக்கு. அதுக்கப்புறம் யாரும் பேசக் கூடாது.”

“எனக்குச் சம்மதம்” என்றார் கப்பல் துரை, உடனே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அப்பா தன் பக்கம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிச்சயம்.

“எனக்கு அடுப்படி இல்லைன்னா, அத்தை?” என்று கேட்டேன்.

“உன் தம்பிதான் சொல்லி அனுப்பிச்சிருக்கானே, கையுறை ஃபாக்டரியில ஆள் எடுக்கறாங்கன்னு. நீ சின்ன வயசுக்காரி, போய்ப் பொழைச்சுக்கோ. பெய் லின் இங்கயே இருக்கட்டும். ஃபூ வீட்டுப் பொண்ணு ஃபூ வீட்டுலதான் வளரணும். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்க.”

அதை அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளையை நான் விருந்தாளி மாதிரி வந்து பார்க்க வேண்டும். கப்பல் துரையைப் பார்த்தேன். பல் குத்திக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்மிங் அன்று விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தேன். இறைச்சிக் கடைக்காரரிடம் முதல்நாளே சொல்லி வைத்து வாங்கிய துண்டு. பிஸ்கட்டைப் பாட்டிலால் உருட்டி உருட்டி நொறுக்கினேன். சாஸை மூன்று தடவை நாக்கில் விட்டுப் பார்த்தேன். இனிப்பும் உப்பும் அது அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. அப்படி ஒரு சாப்ஸ் நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை. பொய் சொல்லவில்லை. மாமனார் திட்ட ஒரு இடம்கூட இல்லை அதில்.

கப்பல் துரை தட்டுக்கு மேலே வெள்ளித் தாளைப் போட்டு மூடி, அதை ராஜகுமாரனைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து, மலையடிவார மயானத்துக்குக் கொண்டு வந்தார். வழியெல்லாம் பேச்சு. எந்தத் துறைமுகத்தில் எந்தச் சீமாட்டி அவர் சாஸைத் தின்றுவிட்டுக் கண்ணீர் விட்டாள் என்பதுவரை சொன்னார். கண்ணீர் விட்டிருப்பாள், சந்தேகமில்லை.

மயானம் முழுக்கச் சனம். புல்லைச் செதுக்குகிறவர்கள், கல்வெட்டின் எழுத்துக்குச் சிவப்பு மை தீட்டுகிறவர்கள், வண்ணத் தாளைக் கல் வைத்து அழுத்துகிறவர்கள். நாங்களும் எல்லாம் செய்து, கோழி, தேநீர், சாராயம் எல்லாம் வைத்தோம். நடுவில் கப்பல் துரையின் தட்டு. பக்கத்தில் சாப்ஸ்டிக்ஸ் இல்லை. கத்தி, முள்கரண்டி, கைக்குட்டையைக் கோபுரமாக மடித்து ஒரு அலங்காரம். அன்னாசிப் பூ வேறு.

ஊதுபத்தி பாதி எரியும்வரை காத்திருந்தோம். செத்தவர் சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்க இரண்டு நாணயத்தைத் தரையில் போட வேண்டும். இருபது காசு நாணயத்தில் ஒரு பக்கம் நாடாளுமன்றக் கட்டடம், மறுபக்கம் எண். ஒன்று கட்டடமும் ஒன்று எண்ணுமாக விழுந்தால் சாப்பிட்டாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை. மூன்று தடவை கேட்கலாம். கேட்க வேண்டியது மகன். எந்தத் தட்டானாலும் மகன்தான். மருமகள் கை வைக்கக் கூடாது.

“அப்பா, நான் ஹீ குவாங். சாப்பிட்டீங்களா?” என்று போட்டார்.

இரண்டும் எண்.

“என்னடா விழுந்திருக்கு?” என்றார் மாமியார்.

“இன்னும் சாப்பிட்டுட்டிருக்காரும்மா. சூடு ஆறட்டும்னு பாக்கறாரு.”

கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார். இரண்டும் கட்டடம். பக்கத்துக் கல்லறைக் குடும்பம் தங்கள் கோழியை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தது.

“அவருக்கு பீர் வெச்சீங்களா?” என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். “சாப்ஸுன்னா பீர் இல்லாம எப்படி இறங்கும்?”

பீர் வைத்தாயிற்று. கைக்குட்டைக் கோபுரத்தைப் பிரித்து விரித்தாயிற்று. கப்பல் துரைக்கு நெற்றி வேர்த்தது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை போட்டார். இரண்டும் எண்.

“பெரியவருக்கு அன்னாசி ஒத்துக்கலை போல” என்றது பக்கத்துக் குடும்பத்தில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் மறைக்க வேண்டும், வயிறு குளிரச் சிரித்தேன்.

கப்பல் துரை தன் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். இருபத்துமூன்று வருஷப் பெருமையும் அந்தத் தட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. என் தட்டை நானே கொண்டுபோய்க் கல்லறைக்கு முன்னால் வைத்தேன். ‘மாமா, நாலு வருஷம் என் கையால சாப்பிட்டீங்க. உங்களுக்குத் தெரியும்’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மண்டியிட்டேன். பெய் லின் என் பக்கத்தில் ஊதுபத்திச் சாம்பலை விரலால் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இது நியூக் ஃபா சமைச்சது. சாப்பிட்டீங்களா?”

இரண்டும் கட்டடம்.

என்னால் நம்ப முடியவில்லை. ஆறட்டும், ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை போட்டார். இரண்டும் எண். இப்போது யாரும் சிரிக்கவில்லை. செத்தும் என்னைத் திட்டுகிறாரே இந்த மனுஷன், அப்படி என்ன குறை வைத்தேன் என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பெய் லின்னின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ‘வலிக்குதும்மா’ என்றாள்.

மூன்றாவது தடவை கப்பல் துரை கொஞ்ச நேரம் நாணயத்தைக் கைக்குள்ளேயே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பிறகு போட்டார். இரண்டும் உருண்டு கல்லறை மேடையின் ஓரம் போய், ஊதுபத்திச் சாடிக்குப் பின்னால் விழுந்தன. நான் மண்டியிட்டிருந்த இடத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தது. கட்டடம். கட்டடம்.

முடிந்தது என்று நினைத்தேன். மாமியார் தீர்ப்புப்படி அடுப்படி மூத்தவருக்கு, கையுறை ஃபாக்டரி எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகள் என் பிள்ளைக்கு. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

அவர் குனிந்தார். வயிறு பெரிய ஆள், குனிய ஒரு கையை ஊன்றினார். ஊன்றிய கையின் கட்டைவிரல் ஒரு நாணயத்தின் ஓரத்தை நெம்பியது. முதல் தடவை வழுக்கிவிட்டது. ஒரு நாணயத்தை ஒழுங்காகத் திருப்பக்கூடத் துப்பில்லை. இரண்டாவது தடவை புரண்டது.

“ஒண்ணு கட்டடம், ஒண்ணு எண்!” என்று கத்தினார். “அம்மா, அப்பா சாப்பிட்டுட்டாரும்மா! நியூக் ஃபா தட்டைச் சாப்பிட்டுட்டாரு!”

“நெசமாவா?” மாமியார் கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்தார். “நியூக் ஃபா, நீ கிட்டக்கதானே இருக்கே. உன் கண்ணால பாத்தியா?”

கப்பல் துரை என்னைப் பார்க்கவில்லை. கோட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தேன் அத்தை” என்றேன். “ஒண்ணு கட்டடம். ஒண்ணு எண்.”

மாமனாரின் கல்லறைக்கு முன்னால், ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும்போது, மண்டியிட்டபடி அந்தப் பொய்யைச் சொன்னேன். பக்கத்துக் குடும்பம் கைதட்டியது. செத்தவருக்கு அனுப்புகிற தாள் பணத்தை எரித்தோம். பட்டாசு வெடித்தோம். எல்லாரும் உட்கார்ந்து ஆறிப்போன சாப்ஸைத் தின்றார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து அடுப்படி என்னுடையது. கப்பல் துரை காப்பி போடும் மேசைக்குப் போனார். ஆ தியாம் திரும்பி வந்தார், தபால் ஆபீஸ்காரர்களும் வந்தார்கள். கப்பல் துரையின் வாய் மட்டும் மாறவில்லை. அப்பாவின் சட்டியைத் தம்பி பெண்டாட்டிக்குத் தானே மனசோடு விட்டுக்கொடுத்ததாகவும், தனக்குக் கப்பலில் சமைத்துச் சமைத்துச் சலித்துவிட்டதாகவும் காப்பி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மூன்று கேப்டன்கள் ஐந்து கேப்டன்களானார்கள். பெய் லின்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் அவளுக்கும் அதே புளுகு. அவள் வீட்டுக்கு வந்து எனக்குத் திரும்பச் சொல்வாள்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு ஆளைச் சகட்டுமேனிக்குத் திட்டிக்கொண்டிருந்தேன், நிம்மதியாக இருந்தது. இப்போது அவர் புளுகும்போதெல்லாம் கல்லில் ஊன்றிய அந்தக் கை ஞாபகம் வந்து, வாயில் வந்த வசவு பாதியில் நின்றுவிடுகிறது. இப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்டேனா? முழு மனசோடு வெறுப்பதற்குக்கூட விடாத ஆளை என்ன செய்வது?

ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மதியக் கூட்டம் போன பிறகு, மாமியார் உள்ளே படுத்திருந்த நேரம், காப்பி மேசைக்குப் போய் நேராகவே கேட்டேன்.

“அத்தான், ஏன் திருப்பினீங்க?”

“எதை?”

“காசை. நான் பாத்தேன். ரெண்டும் கட்டடமாத்தான் விழுந்துச்சு.”

அவர் காப்பி வடிகட்டுகிற துணியைப் பிழிந்து, உதறி, மெதுவாகக் காயப் போட்டார்.

“நானா திருப்பினேன்? நல்லா இருக்கே கதை” என்றார். “அப்பாதான் என் கட்டைவிரலைப் புடிச்சுத் திருப்பினாரு. என்னா புடி தெரியுமா! இன்னும் வலிக்குது, பாரு.”

விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். புளுகன். கல்லறையை வைத்துக்கூடப் புளுகுகிற புளுகன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று அடுப்படிக்குத் திரும்பி, சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து, சாஸை நிறைய ஊற்றி, தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன்.

அவர் வெட்டி ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கேப்டன்மார் சாப்பாட்டுக்கு மார்க் போடுகிறவர் மாதிரி மென்றார்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார்.